அக்கா கூவிய ஏலம்

என் அக்கா காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவள். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே நின்று வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். வீட்டில் உப்பு கேட்பதும் அதே குரலில்தான். போன வருஷம் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டது; பேச்சு மட்டும் இழுத்து இழுத்துத்தான் வந்தது.

அவள் மகன் கம்ப்யூட்டர் படித்தவன், பாசக்காரன். பழைய வீடியோக்களிலிருந்து அம்மாவின் குரலை எடுத்து, அதே குரலில் ஏலமே கூவும்படி போனைப் பழக்கிவிட்டான். "இனிமே நீ கஷ்டப்பட வேணாம்மா" என்றான். அந்தக் குரலைக் கேட்டு நான் அழுதேவிட்டேன். அக்கா போனை முறைத்தாள்.

அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். அக்கா வேலை பார்க்கும் மண்டியின் முதலாளி அந்தப் போனை வாங்கி ஒலிபெருக்கியில் மாட்டி ஏலத்தை நடத்திப் பார்த்தார். பிறகு வீட்டுக்கே வந்து, "குரல்தான் நம்மகிட்ட இருக்கே, அக்கா வீட்ல நிம்மதியா இருக்கட்டும்" என்றார். நல்லாயிருக்கிறதே நியாயம்! சாற்றைப் பிழிந்துகொண்டு சக்கையை வீசுகிற வேலை.

அவர் போனதும், "ஏன்க்கா சும்மா இருந்தே? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது. எனக்கு உடம்பே கூசிப்போனது. அக்கா சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலை அவளே சந்தைக்குக் கிளம்பினாள். நானும் அவள் மகனும் பின்னாலேயே ஓடினோம். மேடையேறி, போனின் வயரைப் பிடுங்கினாள். ஹோட்டல்காரர் ஒருவர் முதல் கூடைக்கு விலை கேட்டார்.

"ஒ... ஒரு தரம்."

சந்தையே திரும்பிப் பார்த்தது.

"ரெ... ரெண்டு தரம்."

மூன்று வரவில்லை. தாடை கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் இன்னொரு வியாபாரி விலையை ஏற்றினார். ஹோட்டல்காரர் விடுவாரா? அவரும் ஏற்றினார். "சீக்கிரம் சொல்லு தாயி, என் கடையே போயிரும் போல!" என்று அவர் அலற, கூட்டம் சிரித்தது. கோணிய வாயோடு அக்காவும் சிரித்தாள். எச்சில் தெறிக்க ஒருவழியாக மூன்றாம் தரம் வந்து விழுந்தது.

கூடைகள் தீர்ந்ததும் முதலாளி தயங்கித் தயங்கி வந்தார். "இன்னைக்கு ஆச்சு, சந்தோஷம். நாளைக்கு போனே பேசட்டும், என்னக்கா?"

"நா... நாளைக்கும்..." அக்கா திணறினாள்.

எடுத்துக் கொடுக்க மகன் வாயைத் திறந்தான். நான் அவன் கையை இறுக்கிப் பிடித்தேன். முதலாளி காத்திருந்தார். மூட்டை தூக்குகிறவர்களும் நின்றார்கள்.

"நான்தான்" என்றாள் அக்கா.