முதல் பதிப்பில் ஒரு வரி

போன மாதம் பன்னிரண்டாம் தேதிப் பேப்பரின் ஏழாம் பக்கத்தை நிருபர் மூன்றாவது தடவையாக விரல் வைத்துப் படித்தார். அந்த வரி இல்லை. இருக்கவும் கூடாது.

“என்ன போஸ்ட்மார்ட்டம் சார், உங்க செய்திய நீங்களே மனப்பாடம் பண்றீங்களா?” என்றார் அலுவலக நூலகத்து அம்மா.

இருபத்தாறு வருஷமாகக் கொலைச் செய்தி எழுதும் நிருபருக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

மூன்று மாதத்தில் மூன்று பேர், மூவரும் தனியாக வசித்த முதியவர்கள். தலையணையால் அமுக்கிக் கொன்றவன், அவர்களுடைய மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மடித்து ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தான். கண்ணாடி விஷயம் வெளியே வர வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டிருந்தார். கொன்றவன் வாயிலிருந்துதான் அது வர வேண்டும்.

போன வாரம், மூன்றாவது கொலை நடந்த குடியிருப்பில் குழாய் ரிப்பேர் செய்கிறவரிடம் நிருபர் பேச்சுக் கொடுத்தார். அவர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “அது என்ன சார், கண்ணாடிய ஃபிரிட்ஜுல வெக்கிற புத்தி?”

நிருபர் நோட்டை மூடினார். நேராக ஸ்டேஷனுக்குப் போனார். மறுநாள் முதல் பக்கத்தில் கைதுச் செய்தி, எழுதியவராக நிருபரின் பெயரோடு. முதல் பக்கத்தில் அவர் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

குழாய்க்காரர் எத்தனை முறை கேட்டாலும் ஒரே பதிலைச் சொன்னார்: “பேப்பர்ல படிச்சேன் சார்.” ஸ்டேஷனே சிரித்தது. நிருபரும் சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் குடைச்சல் தொடங்கியது. வாட்ச்மேன் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷத்தில் அம்பலமாகிற பொய்யை ஒரு மனிதன் எதற்கு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான்?

“இந்தத் தொகுதியில எல்லாப் பதிப்பும் இருக்குமாம்மா?” என்று நூலகத்து அம்மாவிடம் கேட்டார்.

“கடைசிப் பதிப்பு மட்டுந்தான். எல்லாத்தையும் வெச்சா நான் எங்க உக்கார்றது?”

படியிறங்கி அச்சகத்துக்குப் போனார். ஃபோர்மேன் அந்த ராத்திரியை மறக்கவில்லை.

“ஒரு வரிய எடுக்கச் சொல்லி போன் பண்ணீங்களே, அன்னிக்குத்தானே? எடுத்தோம் அண்ணே. ஆனா முதல்ல அடிக்கிற வெளியூர்ப் பதிப்பு அதுக்குள்ள வேன் ஏறிடுச்சு. நாலாயிரம் காப்பி.”

“ஏன்யா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

பழக்க தோஷத்தில் எழுதிவிட்டு, கொடுத்த வாக்கு ஞாபகம் வந்து எடுக்கச் சொன்ன வரி. அச்சகத்தில் அந்தப் பதிப்பு ஒரு பிரதிகூட மிஞ்சியிருக்கவில்லை. குழாய்க்காரரின் வீடு ஊருக்கு வெளியே, அந்தப் பதிப்பு போகிற பக்கம், ஒரு மணி நேர பஸ் தூரத்தில்.

கதவைத் திறந்தது குழாய்க்காரரின் மனைவி. பேப்பர்காரர் என்றதும் நிலையை மறித்து நின்றாள். “இன்னும் எழுத என்ன மிச்சம் இருக்கு?”

“போன மாசம் பன்னெண்டாம் தேதி பேப்பர் இருக்காம்மா?”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “போலீஸ் தலையணைய எடுத்துட்டுப் போச்சு. நீங்க பேப்பர் கேக்கறீங்க.” ஆனாலும் வழிவிட்டாள்.

சமையலறை அலமாரித் தட்டுகளில் டப்பாக்களுக்கு அடியில் பழைய பேப்பர் விரித்திருந்தது. ஒவ்வொரு டப்பாவாக இறக்கினாள். ஒன்பதாம் தேதி. பதினைந்தாம் தேதி. ஒரு சினிமா விளம்பரம். சர்க்கரை டப்பாவுக்கு அடியில் ஏழாம் பக்கம், வட்டமாகக் கறை படிந்து. கறையின் ஓரத்தில் அந்த வரி, கண்ணாடியும் குளிர்சாதனப் பெட்டியுமாக. மேலே நிருபரின் பெயர்.

“இருக்கா?” என்றாள்.

இல்லை என்று சொல்லிவிட்டால் அங்கே அதற்கு மேல் கேட்க ஆளில்லை. முதல் பக்கத்தில் வந்த பெயரும் அப்படியே நிற்கும்.

“இருக்கும்மா. நான் எழுதினதுதான்.”

அவள் தாளைப் பிடுங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். “நீங்களே எழுதிட்டு, படிச்சவரப் பிடிச்சுக் குடுத்தீங்களா?”

அவர் இறக்கி வைத்த டப்பாக்களை ஓரமாக நகர்த்தினார்.

“பேப்பர் படிக்கிற நேரத்துல ஏதாவது உருப்படியா செய்யுங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், அந்த மனுஷன் கேட்டாதானே!” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாளை வாங்க அவர் கை நீட்டினார். அவள் அதை மடித்துப் பையில் வைத்தாள். “இது எங்கிட்டயே இருக்கட்டும். நானும் வரேன்.”

பஸ் பிடித்து இருவரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வாக்குக் குடுத்தீங்களே அண்ணே.”

“குடுத்தேன்.”

“உங்க பேச்சக் கேட்டுப் பிடிச்சேன். இப்ப உங்க பேச்சக் கேட்டே விடணும். மேல இருக்கறவங்களுக்கு நான் என்ன சொல்ல?”

“என் பேரச் சொல்லுங்க.”

மறுநாள் பதினொரு மணிக்குக் குழாய்க்காரரை விட்டார்கள். இரண்டாம் பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் வந்திருந்தது. அதை நிருபரே எழுதியிருந்தார். குடியிருப்புச் சங்கம் வேலைக்கு வேறு ஆள் வைத்துவிட்டதாகக் குழாய்க்காரருக்குத் தகவல் சொன்னது. ஆசிரியர் நிருபரை வானிலைப் பகுதிக்கு மாற்றினார். கொன்றவன் யார் என்று தெரியவில்லை. மாலை ஐந்து மணிக்கு நிருபர் வானிலை நிலையத்துக்கு போன் செய்து மழை அளவு கேட்டார். மழை இல்லை என்றார்கள். அப்படியே எழுதிக் கொடுத்தார்.