மார்லிஸ் முகர்ந்து சொன்ன போல்ட்

மார்லிஸ் எங்கெபிரெட் எந்தத் துப்பாக்கி உதிரியையும் எடுத்த எடுப்பில் பார்த்துவிட மாட்டாள். முதலில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவாள். காகிதத் துவாலையில் விரல் விரலாகத் துடைப்பாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காப்பிக் கோப்பைக்கு வலப்பக்கம் வைப்பாள். பிறகு உதிரியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, மூக்குக்கு ஓர் அங்குலம் கீழே கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒருமுறை மூச்சை உள்ளே இழுப்பாள். இரண்டாம் முறை கிடையாது. இரண்டாம் முறை முகர்கிறவர்கள் தங்களுக்கு வேண்டிய பதிலைத்தான் முகர்கிறார்கள் என்பது அவள் கட்சி.

அதற்குப் பிறகுதான் கண்ணாடி மூக்குக்குத் திரும்பும். மாவு நிறுக்கும் தராசு, அளவுகோல், பூதக்கண்ணாடி, முத்திரைகள் வரைந்து வைத்த நோட்டு எல்லாம் வரிசையாக வெளியே வரும். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் மூன்று வரி எழுதுவாள். அளவு. முத்திரை. வாசனை. மூன்றுக்கும் எதிரே 'சரி' விழுந்தால் உதிரி அசல்.

விழாவிட்டாலும் 'போலி' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. "நானா இருந்தா இத சுவத்துல மாட்டி வைப்பேன்" என்பாள். அவள் ஊரான நோர்டாலில் அதைவிடக் கடுமையான தீர்ப்பு கிடையாது. கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு, வண்டிக்குள் போய் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்ட பிறகே விற்றவனைத் திட்டுவார்கள்.

வேலை என்று பார்த்தால் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பதினான்காம் எண் பேருந்து, இருபத்திரண்டு வருஷம். காலைச் சுற்று முடிந்து மாலைச் சுற்று தொடங்கும்வரை தானியக் கூட்டுறவுக் கடையின் மூலையில், பறவைத் தீனி மூட்டைகளுக்குப் பக்கத்து மேசையில் இருப்பாள். உதிரி பார்க்கும் வேலை அவளிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஒரு மான். பல வருஷத்துக்கு முன், மான் வேட்டை சீசனின் முதல் நாள், புதிதாக வாங்கிப் போட்ட தோட்டாக் கூட்டின் சுருள்வில் தொங்கிப்போய்த் தோட்டா மேலே ஏறவில்லை. அறுபதடி தூரத்தில் மான் பதினோரு விநாடி நின்று அவளையே பார்த்துவிட்டுப் போனது. கூட்டின் உறையில் பெரிய கம்பெனியின் பெயர் ஓர் எழுத்துக் குறைவாக அச்சாகியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் கவனித்தாள். அன்றைக்குத் தொடங்கிய நோட்டு அது.

வாசனை விஷயம் அனுபவத்தில் வந்தது. ராணுவக் கிடங்கில் பிரிக்காமலே கிடந்த பழைய உதிரி கெட்டி மெழுகு போல மணக்கும். தேய்ந்த உதிரியைச் சுரண்டி, புது எண் அடித்து, ரசாயனம் தடவிக் கறுப்பாக்கி, பிரிக்காத சரக்கு என்று விற்கிறவர்கள் உண்டு. அந்த ரசாயனம் அழுகிய முட்டை போல நாறும், வருஷக்கணக்கில் போகாது. கண்ணை ஏமாற்றிவிடுகிறவர்கள் மூக்கை மறந்துவிடுகிறார்கள்.

நவம்பர் முதல் வாரம், வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு கோர்டி ட்வெய்ட் வந்தான். வான்கோழிப் பண்ணைக்காரன். அவனிடம் இருந்தது ஒரே துப்பாக்கி, உலகப் போர்க் காலத்து ராணுவச் சரக்கு. அதன் போல்ட்டில் விரிசல் விழுந்து, இணையக் கடை ஒன்றில் வேறு வாங்கியிருந்தான். மறுநாள் மான் சீசன் தொடக்கம்.

"வான்கோழியெல்லாம் எப்படி இருக்கு?"

"இருக்கு. செத்தது போக மிச்சம் எல்லாம் இருக்கு." கோர்டி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். "போல்ட் வந்துடுச்சு. உனக்கு வேல இருந்தா வேணாம்."

"வேலையெல்லாம் இல்ல."

"பஸ் கழுவணும் கிழுவணும்னா நான் அப்புறமா..."

"குடு கோர்டி."

உறை நன்றாக இருந்தது. எழுத்துக் குறையவில்லை. மார்லிஸ் கையைக் கழுவினாள், துடைத்தாள், கண்ணாடியைக் கழற்றினாள், கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். அழுகிய முட்டை இல்லை. மெழுகும் இல்லை.

"கழுவுனியா இத?"

"தொடவே இல்ல."

"அப்ப கடைக்காரன் கழுவிட்டு அனுப்பிருக்கான். பெரிய கடைல அப்படிச் செய்வாங்க."

எடை சரி. நீளம் சரி. முத்திரை நோட்டில் இருந்த படத்தோடு பொருந்தியது. எண் மட்டும் கொஞ்சம் ஆழமாக இருந்ததுபோல் பட்டது. ஆனால் மூக்கு ஏற்கனவே சரி என்று சொல்லிவிட்டதால் கண் அதிகம் வாதாடவில்லை. மூன்று 'சரி' எழுதிக் கொடுத்தாள். கோர்டி சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பொத்தானும் போட்டுக்கொண்டான்.

போல்ட் என்பது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் இரும்பு. சுடும்போது சுடுகிறவன் கன்னத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. இரும்பு மிருதுவாக இருந்தால் அது பின்பக்கமாக வரும். இதை மார்லிஸே பலருக்குச் சொல்லியிருக்கிறாள்.

மாலைச் சுற்றில், ஏரிப் பாதை திரும்பும் இடத்தில், சக்கரத்துக்கு அடியில் ஏதோ மெத்தென்று பட்டது. நான்கு விநாடி கழித்துப் பேருந்துக்குள் கூச்சல் கிளம்பியது.

"மிஸ்! ஸ்கங்க்!"

"மிஸ், நான் வாந்தி எடுக்கப் போறேன்!"

"இவன் மேல எடுக்காதடி! மிஸ், இவள முன்னாடி கூப்பிடுங்க!"

ஜன்னல்கள் எல்லாம் படபடவென்று இறங்கின. வெளியே உறைகிற குளிர். மார்லிஸ் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். சாலையில் கறுப்பு வெள்ளையாக ஒன்று தட்டையாகக் கிடந்தது. நாற்பது பிள்ளைகள் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். கடைசி வரிசையில் எட்டாம் வகுப்புப் பையன்கள் தலையையே வெளியே நீட்டியிருந்தார்கள். ஸ்கங்க் என்ற அந்தப் பூனையளவு விலங்கு பீய்ச்சிய நாற்றம் அரை மைலுக்கு அப்பால் தூங்குகிறவனை எழுப்பும்.

மார்லிஸுக்கு ஒன்றும் வரவில்லை.

மூச்சை இழுத்தாள். ஒன்றும் இல்லை. இரண்டாம் முறையும் இழுத்தாள்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஜலதோஷம் வந்து போயிருந்தது. அதற்குப் பிறகு காப்பி வெந்நீர் போல இருந்ததற்குக் கூட்டுறவுக் கடையைக் குறை சொல்லியிருந்தாள். தேவாலய விருந்தில் எல்லோரும் தொடாமல் வைத்த மீனை மரியாதைக்காக அவள் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டதும் ஞாபகத்துக்கு வந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராக இறக்கிக்கொண்டே மூன்று வாரத்துச் சீட்டுகளை நினைத்துப் பார்த்தாள். தோட்டாக் கூடு, சுருள்வில், வார்ப்பட்டைக் கொக்கி. யாரையும் எதுவும் செய்யாத சாமான்கள். பிறகு கோர்டி.

சீசனுக்கு முந்தின சாயங்காலம் ஊரே சரளைக் குழியில் கூடித் துப்பாக்கிக் குறி சரிபார்க்கும். அந்தப் பக்கம் கைபேசி எடுக்காது. கடைசிப் பிள்ளையை இறக்கியபோது மணி மூன்றே முக்கால். குழி மூன்று மைல், பேருந்தின் வழிக்கு நேர் எதிர்ப்பக்கம். வழி விலகினால் எழுத்துப்பூர்வமாக எச்சரிக்கை வரும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாங்காத ஒன்று அது.

பள்ளி அலுவலகத்தோடு பேசும் வானொலியை எடுத்தாள். "பதினாலு. வழி விலகுறேன்."

"என்ன விஷயம், பதினாலு?"

"சொந்த விஷயம்."

"சரி, ஜாக்கிரதையா போ."

குழியில் ஆறு வண்டிகள் நின்றன. மஞ்சள் பேருந்து சரிவில் ஆரனை அழுத்திக்கொண்டே இறங்கியதைப் பார்த்துச் சுடுவதை நிறுத்தினார்கள். துப்பாக்கிகளைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். பேருந்து நின்றது. அதன் பின்னாலேயே வந்த காற்றும் வந்து சேர்ந்தது.

யாரும் மூக்கைப் பொத்தவில்லை. நோர்டாலில் ஒருவர் மேல் வீசும் நாற்றத்தை அவரிடமே சொல்லும் வழக்கம் இல்லை.

"இந்நேரத்துக்குப் பரவால்ல, வெளிச்சம் இருக்கு," என்றான் டுவைன். தபால்காரன். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஆமா. காத்து மாறும் போல," என்றான் பக்கத்தில் நின்றவன்.

"மாறுனா நல்லதுதான்," என்று டுவைன் ஓரடி பின்னால் போனான்.

"கோர்டி, சுட்டுட்டியா?" என்றாள் மார்லிஸ்.

கோர்டி தன் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்திருந்தான். துப்பாக்கி உறையிலேயே இருந்தது. "இன்னும் இல்ல. எல்லாரும் முடிக்கட்டும்னு இருக்கேன். அவசரம் என்ன."

"போல்டக் கழட்டு."

"நீதான் பாத்துட்டியே மார்லிஸ்."

"எனக்கு வாசன தெரியல. மூணு வாரமா. இப்பத்தான் தெரிஞ்சுது."

எல்லோரும் சரளைக் கற்களைப் பார்த்தார்கள். டுவைன் பேருந்தைப் பார்த்தான், பிறகு மார்லிஸைப் பார்த்தான். "அப்ப உனக்கு இது..." என்று தொடங்கி, "ஒண்ணும் இல்ல" என்று முடித்தான்.

"ஸ்கங்க், டுவைன். தெரியும். பசங்க சொன்னாங்க."

ஒரே சமயத்தில் ஆறு பேரும் கைக்குட்டையை எடுத்தார்கள்.

கோர்டி போல்டைக் கழற்றிக் கொடுத்தான். மார்லிஸ் அதை டுவைனிடம் நீட்டினாள். "ஒரே தரம் இழு. அழுகின முட்ட மாதிரி இருக்கா, மெழுகு மாதிரி இருக்கா?"

டுவைன் கைக்குட்டையை விலக்கி முகர்ந்தான். "ஸ்கங்க்."

அடுத்தவன் வாங்கி முகர்ந்தான். "ஸ்கங்க்தான்."

"எனக்கு ஸ்கங்க்கோட கொஞ்சம் வெங்காயமும் வருது."

"அது உன் சாண்ட்விச்சுடா."

போல்ட் ஆறு கை மாறி அவளிடமே திரும்பி வந்தது. நாற்றத்தை அவளே பேருந்தில் ஏற்றிவந்து, ஊரில் இருந்த நல்ல மூக்குகள் அத்தனையையும் கெடுத்துவிட்டாள்.

"சீட்டக் குடு," என்றாள். கோர்டி பொத்தானைக் கழற்றி எடுத்துக் கொடுத்தான். பேருந்தின் முகப்பில் வைத்து, மூன்றாவது வரியின் 'சரி'யை அடித்து, 'தெரியவில்லை' என்று எழுதினாள். அந்தச் சொல்லை அவள் எந்தச் சீட்டிலும் அதற்கு முன் எழுதியதில்லை. எழுத்து சாய்ந்திருந்தது.

"என் துப்பாக்கிய எடுத்துட்டுப் போ. வீட்டுல இருக்கு."

"ஐயோ வேணாம்."

"எடுத்துட்டுப் போன்னா."

"இல்ல, நான் இந்த வருஷம் சும்மா உக்காந்து பாக்கறேன். மான் எல்லாம் எங்க ஓடிடப் போகுது."

"கோர்டி."

"சரி, உனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லேன்னா." மூன்றாம் தரம் கேட்ட பிறகு ஒப்புக்கொள்வதுதான் அங்கே முறை. "அப்ப நீ?"

"எனக்கு பஸ் கழுவணும்."

சீசனின் முதல் நாள், ஊர் முழுக்கக் காட்டில் இருந்தபோது, மார்லிஸ் வினிகரும் சோடா மாவும் வைத்துப் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். நாற்றம் போனதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியாது. கோர்டியின் மனைவி அர்டிஸ் ரொட்டிச் சுருள் கொடுத்துவிட்டுப் போக வந்தவள், மூன்று மணி நேரம் நின்று, இருக்கை இருக்கையாக முகர்ந்து சொன்னாள். "இது போச்சு. இது போச்சு. இது இன்னும் உயிரோட இருக்கு."

போல்ட் டுலூத் நகரத்தில், இரும்பின் கடினம் அளக்கும் கருவி வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக் ஒருவருக்குப் போனது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. பழைய எண்ணைச் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். ரசாயனக் கறுப்பு. இரும்பு ஏதோ தீயில் கிடந்து பதம் போயிருக்கிறது. சுட வேண்டாம். விற்ற கடைக்காரன் தானும் நம்பித்தான் வாங்கினேன் என்று வருத்தக் கடிதம் அனுப்பினான். பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதமும் வந்தது: வழி விலகல், ஒரு முறை, காரணம், சொந்த விஷயம். மார்லிஸ் இரண்டு கடிதங்களையும் அதே நோட்டில் வைத்துக்கொண்டாள். போல்டைக் கூட்டுறவுக் கடைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள்.

ஆட்கள் உதிரியோடு வருவது நிற்கும் என்று எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. கோர்டி மான்கறித் தொத்திறைச்சியோடு வந்து, துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தான். அப்படியே ஒரு தோட்டாக் கூட்டையும் மேசை மேல் வைத்தான். "உனக்கு வேல இருந்தா வேணாம்."

இப்போது அளவும் முத்திரையும் மார்லிஸ். வாசனைக்கு அர்டிஸ், செவ்வாயும் வெள்ளியும். அவளும் ஒருமுறைதான் முகர வேண்டும் என்பது நிபந்தனை. இப்போதெல்லாம் மூக்கு கடைசியாகத்தான் வரும். கண் தன் முடிவை எழுதி முடித்த பிறகு.

அடுத்த கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லாத நேரத்தில், அர்டிஸ் தன் போக்கில் ஒன்றைச் சொன்னாள். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் போல்ட் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் இருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நின்றிருந்தவளுக்கே அழுகிய முட்டை நாற்றம் வந்தது. கோர்டிக்கும் வந்தது. "மார்லிஸ் சரின்னுட்டா. இப்பப் போயி அவகிட்ட எப்படிச் சொல்றது?" என்று அவன் தலையைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, கொல்லையில் துணி காயும் கயிற்றை அவிழ்த்து வண்டியில் போட்டுக்கொண்டு போனான். குழியிலிருந்து எல்லோரும் கிளம்பிய பிறகு துப்பாக்கியை டிராக்டர் டயரில் கட்டி, விசையில் கயிற்றை மாட்டி, வண்டிக்குப் பின்னால் படுத்துக்கொண்டு இழுப்பதாகத் திட்டம். வெடித்துச் சிதறினால், துப்பாக்கி மேல் வண்டியை ஏற்றிவிட்டேன் என்று மார்லிஸிடம் சொல்வதாக இருந்தான்.