சிரிக்க ஆள் தேவை

தொலைக்காட்சியில் நகைச்சுவை நடிகனாவதற்கு என்னிடம் இருந்த ஒரே தகுதி, நான் திருவொற்றியூர்க்காரன் என்பதுதான். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள் அவை. ஞாயிற்றுக்கிழமை பல்சுவை நிகழ்ச்சிக்கு ஆள் எடுத்தார்கள். "லுங்கி, பீடி, மெட்ராஸ் பாஷை. உங்களுக்கு அது போதும்" என்றார் இயக்குநர். அவருக்கு வண்ணாரப்பேட்டை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. ஆனால் என் பேச்சைத் திருத்தினார். "இன்னும் கொஞ்சம் லோக்கலா" என்பார். பிறந்ததிலிருந்து பேசுகிற பாஷையில் பரீட்சை எழுதுவது பெரிய பேஜாரு.

ஒரே ஒரு வாய்ப்பு தருவார்கள். அரங்கம் சிரித்தால் வாராவாரம் நான். இல்லாவிட்டால் மறுபடியும் மணலியில் ஒப்பந்த வெல்டர். சிரிக்கிற ஆட்களையும் நடிப்பவரே கூட்டிவர வேண்டும் என்பது அங்கே வழக்கம். நம்மாட்களைவிட யார் நமக்குச் சிரிப்பார்கள் என்று எங்கள் தெருவையே வேனில் ஏற்றினேன். ஆளுக்கொரு தக்காளி சோற்றுப் பொட்டலம். முன்வரிசையில் அம்மா.

அதுதான் நான் செய்த மடத்தனம். தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற அம்மா வெயிலில் மயங்கி விழுந்ததையும், விழுந்த பிறகும் குடத்தை விடாததையும் நடித்துக் காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் பேசுகிற மாதிரியே பேசுகிறேன், அவர்களுக்கு நடந்ததையே சொல்கிறேன், எதற்குச் சிரிப்பார்கள்? அம்மா எழுந்தே விட்டாள்.

"அத்த இன்னாத்துக்கு இளிச்சிகினு சொல்ற? நாலு நாளா லாரி வர்ல, டிவிகாரங்க கைல சொல்லு நைனா!"

பின்னாலிருந்து பத்துக் குரல்கள் ஆமாம் போட்டன. அரங்கம் வார்டு கூட்டமாகிவிட்டது.

இயக்குநர் பதறவில்லை. உதவியாளர் ஒருவரைப் பிளாஸ்டிக் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடச் சொன்னார். மொத்தத் தெருவும் வயிறு வலிக்கச் சிரித்தது. கேமரா அந்தச் சிரிப்பை மட்டும் பிடித்துக்கொண்டது.

அந்த ஞாயிறு எங்கள் வீட்டில் தெருவே கூடியிருந்தது. திரையில் நான் குடத்தோடு மயங்கி விழுந்தேன். அடுத்த நொடி அம்மாவின் முகம், வாய்கொள்ளாத சிரிப்புடன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நா வுயுந்ததுக்கு நானே சிரிச்சிகினு கீறேனாடா?"

மறுநாள் அழைத்தார்கள். இனி வாராவாரம் நான்தானாம். போனேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஏழு வருடம் போனேன். அதில் ஒரு ஞாயிறுகூட அம்மா டிவி முன்னால் உட்காரவில்லை.