மாமா தேர்ந்தெடுத்த லென்ஸ்

அக்கா கல்யாணத்துக்கு நானே படம் எடுப்பதென்று முடிவானதும், என் முதல் கேமராவை வாங்கத் திருப்பதிக்குப் போனேன். விஷயம் தெரிந்தவர் என்று மாமாவையும் கூட்டிப்போனேன். அவருக்குத் தெரிந்த விஷயம் நீளம் ஒன்றுதான். கடைக்காரர் சின்ன லென்ஸைக் காட்டியதும் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாபா இது, கட்டை வெரலாட்டம் கீது? நீட்டமா கீதே, அத்த எடு. தூரத்துல கீறவன் மூக்குகூடத் தெரியணும்."

"வேணாம் சார், மண்டபத்துக்குள்ள எடுக்க இந்தச் சின்னதுதான் சரி," என்றார் கடைக்காரர். மாமா அவரைப் புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நீட்டு லென்ஸை மட்டும் வாங்கினோம்.

கல்யாணம் குடிபாலாவில், சின்ன மண்டபம். கிட்டே நின்றால் அக்காவின் காது மட்டுமே படத்தில் விழுந்தது. மாப்பிள்ளையும் சேர்ந்து விழ வேண்டுமென்று பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். கெட்டிமேளம் கேட்டபோது தெருவில் நின்றேன். உள்ளே எல்லாரும் அட்சதையோடு எழுந்துவிட்டார்கள். தாலி கட்டிய படத்தில் வெறும் முதுகுகள். நடுவே மாமா மட்டும் கேமராவைத் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா அழுதாள். மாமா அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"பாத்தியா, மூக்கு எவ்ளோ கிளியரா கீது!"

உண்மைதான். என் அக்காவின் கல்யாணத்தில் மிஞ்சியது அந்த மூக்கு மட்டும்தான்.