பேர்ண் கோபுரத்தில் ஒரு நேர்த்தி

போன சனிக்கிழமை, சுவிஸ் நாட்டின் பேர்ண் நகரத்துப் பெரிய தேவாலயத்தின் கோபுரப் படிகளில் நான் தோற்றுப்போனேன். பெருமையாகத்தான் சொல்கிறேன்.

எங்கள் மேல்மாடியில் இருக்கும் புவனாவுக்கு அங்கே ஒரு நேர்த்திக்கடன். மருத்துவமனைச் சமையலறையில் வேலை. தினமும் ட்ராம் ஆற்றுப்பாலத்தைக் கடக்கும்போது அந்தக் கூர்க்கோபுரத்தைப் பார்த்து வேண்டியிருக்கிறாள் – கொழும்பில் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன தம்பி வெளியே வந்தால் நூறு மெழுகுதிரி.

புதன்கிழமை தொலைபேசி வந்தது. விட்டுவிட்டார்களாம்.

சைவப் பெண் தேவாலயத்துக்கு நேர்த்தி வைப்பது நம் ஆட்களுக்குப் புதினமா என்ன?

"நேர்த்தி பிந்தினால் அவனைத் திருப்பிப் பிடிச்சிடுவாங்கள் அண்ணை. டொச் பாசை கதைக்க நீங்கள் வாங்கோ."

போனோம். கல்லில் முளைத்த மரங்களாகத் தூண்கள்... உச்சியில் விரல் கோத்துக்கொண்டு நின்றன. வண்ணக் கண்ணாடி வழியே வெயில் சிவப்பும் நீலமுமாய்த் தரையில் சிந்திக் கிடந்தது. எல்லாம் இருந்தது. மெழுகுதிரி ஏற்றத்தான் இடமில்லை.

காவலுக்கு இருந்த பெரியவர் பணிவாக விளக்கினார். இது சீர்திருத்தச் சபை. புனிதர்களின் சிலைகளை நானூறு வருடங்களுக்கும் முன்பே அகற்றிவிட்டார்கள். நேர்த்தி வாங்க இங்கே யாரும் இல்லை.

தமிழில் சொன்னேன். புவனா மெழுகுதிரிப் பையை இறுக்கிப் பிடித்தாள்.

"வாங்க ஆளில்லையோ? அப்ப என்ரை தம்பியை ஆர் விடுவிச்சது? கேளுங்கோ."

கேட்டேன். பெரியவர் கூரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சரி, மெழுகுதிரியை இவரே வைச்சிருக்கட்டும். கரண்ட் போனால் கொளுத்துவார்தானே. நான் கோபுரத்துக்குத்தான் வைச்சனான். ஏறிக் குடுக்கிறன்."

"முந்நூறுக்கு மேலை படி, பிள்ளை."

"நீங்கள் கீழை இருந்து உங்கடை கவிதையை எழுதுங்கோ."

சப்பாத்தைக் கழற்றினாள். நவம்பர் மாதத்துக் கல் – பனிக்கட்டிக்குத் தம்பி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, படிக்கொரு 'முருகா'வாக, சுருள் படியில் மறைந்தாள். ரோஷத்தில் நானும் பின்னால் ஏறினேன். பாதியில் ஒரு சன்னல் பிளவைக் கண்டதும் மூச்சு என்னை உட்கார வைத்துவிட்டது. அவள் குரல் மட்டும் மேலே, மேலே... பிறகு அதுவும் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது பாதம் இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. முகத்தில் புதன்கிழமைகூட நான் காணாத நிம்மதி.

"உச்சியிலை நிண்டு அவன்ரை பேரைச் சொல்லிப்போட்டன். இனி ஒருத்தரும் தொடேலாது."

கீழே அந்தப் பெரியவர் அவளுடைய வெறுங்கால்களைப் பார்த்தார். எத்தனை இடத்தில் இளைப்பாறினாள் என்று என்னிடம் விசாரித்தார்.

"ஒரு இடத்திலையும் நிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

நான்கு வருடமாக இந்த ஊரில் நான் பேசிய ஜெர்மனில் பாதி மன்னிப்புக் கேட்பது. இந்த ஒரு வசனத்தை நிமிர்ந்து நின்று சொன்னேன்.