வெட்டி வைத்த கல்யாண ரவிக்கை

மெர்டேக்கா என்ற நாட்டு விடுதலைக்கு முந்தின வருஷம், கமலவேணியின் கணவர் பொன்னுதுரை லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்ததும் காஜா பெராங்கில் அவள் தையல் வேலை செய்த வீட்டுக்கு வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பள்ளிச் சட்டைகளை விட்டுவிட்டு, தைக்கக் கொடுத்திருந்த கல்யாணத் துணிகளை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தாலி இழந்தவள் தைத்ததைக் கல்யாணப் பெண்ணுக்குப் போட மாட்டார்கள் அல்லவா?

கமலவேணிக்குச் சோறு போட்டதே கல்யாண ரவிக்கைதான். பள்ளிச் சட்டையை நம்பி உலை வைக்க முடியாது. ஆனாலும் கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். அழுகை வரவில்லை. மனசு மரத்துக் கிடந்தது.

கடைசியாக வந்தவள், பக்கத்துத் தெரு அஞ்சலை. மகள் சீதாவுக்குக் கல்யாணம்.

"தப்பா நெனச்சுக்காத கமலா. மாப்பிள்ளை வீடு புக்கிட் ரம்பாய். அந்தச் சம்பந்திக்காரி தும்மறதுக்கும் நல்ல நேரம் பார்ப்பா."

"இதுல என்னக்கா இருக்கு?" என்று கமலவேணி அலமாரியைத் திறந்தாள். பட்டு வெட்டியிருந்தது. அவர் லாரி ஏறிய காலையில், நெற்றியில் பொட்டோடு உட்கார்ந்து வெட்டியது.

அஞ்சலை துண்டுகளை வாரிக்கொண்டு பசார் பக்கத்துச் சீன டைலரிடம் ஓடினாள். சாயங்காலமே திரும்பி வந்தாள்.

"அடுத்தவங்க வெட்டுனத தைக்கமாட்டானாம். கோணிக்கிட்டா பழி அவனுக்காம். இதே பட்டுக்கு நான் எங்க போவேன்? வெள்ளிக்கிழமை கல்யாணம்!"

அஞ்சலை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெட்டுனப்போ நீ சுமங்கலிதானே? மிச்சத்தையும் நீயே முடிச்சிடு. வெளிய மூச்சு விடாத. சீனன் தைச்சான்னு சொல்லிக்கிறேன்."

"சரிக்கா."

"கோவமா?"

"இல்லக்கா. கொக்கி முன்னாலயா, பின்னாலயா?"

கல்யாணத்துக்கு அவளை அழைக்கவில்லை. மறுவாரம் அஞ்சலை பின்வாசல் வழியாக வந்தாள், கையில் ஒரு புதுப் பட்டோடு.

"சம்பந்திக்காரி ரவிக்கையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தா லா! அவ சின்ன மகளுக்கும் நிச்சயமாயிருக்கு. அதே சீனன்கிட்ட குடுக்கச் சொல்லிட்டா!"

அஞ்சலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தானும் சிரிக்கவேண்டும் என்று கமலவேணிக்குத் தெரிந்தது. முகம் இடம் கொடுக்கவில்லை.

"அளவு ரவிக்கை கொண்டாந்தீங்களா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு கல்யாணத் துணிகள் பின்வாசலில் வந்துகொண்டே இருந்தன. யார் தைத்தது என்று யாரும் சொல்லவில்லை. மாரியம்மன் அவளைப் பட்டினி போடவில்லை. விளக்கேற்றும்போது அதற்காகக் கும்பிடுவாள். வேறு எதையும் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.