மாலை போட்ட முகம்

ராமக்காளுக்கு வயது ஐம்பத்தைந்து. நல்லம்பள்ளிக்கு அருகில் ஒரு கிடங்கில் புளியின் கொட்டை எடுக்கும் வேலை செய்துவந்தாள். கணவன் மாதையனுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது; பிள்ளை இல்லை. மேஸ்திரி அதட்டுவதையும் பேருந்து நடத்துநர் சலித்துக்கொள்வதையும் அவள் அப்படியே பேசிக் காட்டினால், கிடங்கிலிருந்த பெண்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஊரார் கேட்க ஒரு நாளாவது படத்தில் பேசிவிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு நெடுநாளாக உண்டு.

வத்தல்மலையில் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் படப்பிடிப்பு நடந்தபோது, கூட்டத்தில் நிற்க ஆள் சேர்த்தவன் சவுரியப்பன். துணை நடிகர்களுக்கு ஏஜென்ட்; தருமபுரிக்காரன். வேனிலிருந்து இறங்கியவர்களை எண்ணிக்கொண்டே வந்தவன், ராமக்காளின் முன்னால் வந்ததும் எண்ணிக்கையை மறந்து நின்றுவிட்டான்.

“என்ன தம்பி, காணாமப் போன ஆளப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?” என்றாள் அவள்.

சவுரியப்பன் சிரிக்கவில்லை. “அக்கா, உங்கள ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?” என்று மட்டும் கேட்டான்.

அந்த வாரமே தருமபுரியில் ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய், தோள்வரை மட்டும் தெரியும்படி ஒரு படம் எடுத்தான். “இது மொதப் படிங்க அக்கா. நாலு பேருகிட்டக் காட்டுவேன். அப்புறம் வசனம் வாங்கித் தர்றது என் பொறுப்பு” என்றான்.

தொடர் ஒளிபரப்பான அன்று கிடங்குப் பெண்கள் எல்லாரும் அவள் வீட்டில் கூடிவிட்டார்கள். கதாநாயகன் கண்ணீரோடு ஒரு கூடத்துக்குள் நுழைந்தான். சுவரில் ராமக்காளின் முகம் இருந்தது. நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை, எதிரே விளக்கு. “அம்மா, நீ இல்லாத வீடு இது” என்று அவன் கைகூப்பினான்.

“அடிப் பாவி, பேச உட்டாங்களான்னு பாத்தா, கொன்னே போட்டாங்களே!” என்று ஒருத்தி கூவ, எல்லாரும் சிரித்தார்கள். மாதையன் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டான்.

அடுத்து வேறொரு தொடர். பிறகு ஒரு திரைப்படம். எல்லாவற்றிலும் அதே படம், அதே மாலை. ஒரு நாள் மொரப்பூரிலிருந்து நாத்தனார் தங்கம்மாள் தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கியபடி வந்தாள். வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்த ராமக்காள் பதறி எழுந்தாள்.

“யாரு போயிட்டாங்க தங்கம்மா?”

“நீதான் அண்ணி!” என்றவள், அப்படியே நின்று ராமக்காளின் பாதங்களைக் குனிந்து பார்த்தாள். அவை தரையில் படுகின்றனவா என்று பார்க்கிறாள் என்பது ராமக்காளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அன்று சிரித்துவிட்டாள். ஆனால், நாள் செல்லச் செல்லச் சிரிப்பு வரவில்லை. கிடங்கில் அவள் மொண்டு கொடுத்த தண்ணீரைப் பெண்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக் குடிக்காமல் விட்டார்கள். பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்தபோது, “நீ கொஞ்சம் உள்ளயே இரு அக்கா” என்றார்கள். மாதையன் தட்டை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பதே இல்லை. தான் உயிரோடிருப்பதை, பேசி நடித்து ஒருமுறை காட்டிவிட்டால் போதும் என்று சவுரியப்பனைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“டைரக்டருங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க அக்கா. உங்க மொகம் செத்தவங்க மொகம்னு பதிஞ்சு போச்சு.”

அப்படியானால் அந்தப் படத்தையே திரும்ப வாங்கிவிடுவது என்று அவள் தருமபுரிக்குப் பேருந்து ஏறினாள். கேட்கவேண்டிய கேள்வியை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்: “உசுரோட இருக்கறவ படத்துக்கு மாலை போடறதா?”

தேவாலயத்துக்குப் பின்புறச் சந்தில் இருந்தது அவன் வீடு. கதவைத் திறந்த அவன் மனைவி, கையிலிருந்த டம்ளரை நழுவவிட்டாள். சிலுவைக்குறி இட்டுக்கொண்டு பின்வாங்கினாள். அவளுக்குப் பின்னால், கூடத்துச் சுவரில், ராமக்காளின் படம் தொங்கிற்று. மாலை காகிதத்தால் ஆனதல்ல; அன்று காலையில் தொடுத்த மல்லிகை. கீழே மெழுகுவத்தி எரிந்தது. எதிரே ஒரு கட்டிலில் முதியவர் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார்.

உள்ளிருந்து வந்த சவுரியப்பன் தலைகுனிந்தான்.

“மன்னிச்சிருங்க அக்கா. எனக்கு ஒண்ணர வயசுல எங்கம்மா போயிட்டாங்க. ஒரு போட்டோ கூட இல்ல. கட்டில்ல இருக்கற எங்கப்பா வாய் ஓயாம அவங்க மொகம் எப்படின்னு சொல்லிட்டே இருப்பாரு. மலையில உங்களப் பாத்ததும் அதே மாதிரி இருந்துது. படத்தக் கொண்டாந்து காட்டினேன். ‘தெரசாதான்டா, அவளுக்கும் வயசாகுமில்ல’ன்னுட்டாரு. அப்புறந்தான் தொடருக்குச் செத்துப்போன அம்மா படம் ஒண்ணு கேட்டாங்க. கையில இருந்தது அந்தப் படந்தான்.”

“உங்கம்மாவும் நானும் ஒண்ணுபோல இருக்கறது நெசமா தம்பி?”

“எனக்கு எப்படிங்க தெரியும்?”

கட்டில் முனகியது. முதியவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் வியப்பே இல்லை.

“வந்துட்டியா? கஞ்சி கொட்டுன அந்தக் கை ஆறிப்போச்சா?”

ராமக்காள் தன் இடக்கையைத் தொட்டுக்கொண்டாள். சிறுமியாக இருந்தபோது கொதிகஞ்சி பட்ட தழும்பு அவள் இடக்கையில் இருந்தது. அதை முந்தானை மூடியிருந்தது. படத்தில் கையே இல்லை.

“அக்கா, ‘வந்துட்டேன்’னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று சவுரியப்பன் காதருகில் கெஞ்சினான். அவன் அவளுக்குக் கொடுத்த முதல் வசனம் அது.

“வந்துட்டேங்க” என்றாள். குரல் இளமையாக ஒலித்தது. தன் வாயிலிருந்துதான் வந்ததா என்று அவளுக்கே ஐயமாயிருந்தது.

முதியவர் மகனைப் பார்த்துச் சினந்தார். “அதக் கழட்டுடா. உசுரோட இருக்கறவ படத்துக்கு மாலை போடறதா?”

பேருந்தில் அவள் மனனம் செய்துவந்த சொற்கள், எழுத்துப் பிசகாமல் அவர் வாயிலிருந்து வந்தன. சவுரியப்பன் முக்காலியின் மேலேறி மாலையைக் கழற்றினான். மெழுகுவத்தியை ஊதி அணைத்தான். “இனி யாருக்கும் இந்தப் படத்தக் குடுக்க மாட்டேங்க” என்றான். வந்த காரியம் முடிந்துவிட்டது. படத்தை மட்டும் அவள் கேட்கவில்லை. வாசலைக் கடந்து சந்தில் நடந்தாள். உச்சி வெயிலில் தன் நிழல் காலடியில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள். இருந்தது.

“தெரசா!”

எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே அவள் திரும்பிவிட்டாள். கதவைப் பிடித்தபடி முதியவர் நின்றிருந்தார்.

“இருட்டறதுக்குள்ள வூட்டுக்கு வந்துரு.”

“சரிங்க” என்றாள் ராமக்காள். அந்த வசனத்தை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.